முடிகொண்டார் புல் திருத்திய படலம்

நான்கு முடிவெட்டு, ஒரு முகச்சவரம். ஆறு மாதங்களுக்கு முன்பு, உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம் ஒன்றில் முளைத்திருந்த பசும்புல்லுக்கு மீன்கடைக்காரர் வாங்கிக்கொண்ட விலை அதுதான். அதாவது நான்கு தலைகளிலும் ஒரு தாடையிலும் உழைத்துச் சேர்த்த தொகை. இன்று அந்தப் புல்லுக்கு விலை கேட்டால் விலைமதிப்பற்றது என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் சொல்லக் கூடாது. ஒரு பொருளை விலைமதிப்பற்றது என்று சொன்ன மறுகணமே எதிரில் நிற்பவன் பாதி விலைக்குக் கேட்பான். அது சந்தை கண்ட உண்மை. ஆகவே விலைப் பேச்சை இத்துடன் மூட்டை கட்டிவிட்டு, அப்புல்லின் காவலரை முறைப்படி வாழ்த்தி இக்காதையைத் தொடங்குவோம்.

வாழிய முடிகொண்டார்! முடி தரித்த மன்னரெல்லாம் படை திரட்டிப் பொருள் செலவழித்துப் பிறர் தலையைக் குனியவைத்திருக்க, எப்பேர்ப்பட்ட தலையையும் ஒற்றை விரலால் தொட்டே குனியவைத்து, குனியவைத்ததற்குக் கூலியும் பெற்றுக்கொள்ளும் வல்லாளர் வாழிய! அதிகாரியும் அடியாளும், கடன் கொடுத்தவனும் வாங்கித் தலைமறைவானவனும் அடுத்தடுத்து வந்து ஒரே நாற்காலியில் ஒரே வெள்ளைத் துணிக்குள் கழுத்தைக் கொடுத்து மூச்சடக்கி வீற்றிருக்க, குரல்வளையில் கூர்ங்கத்தியை வைத்துக்கொண்டே மழை வருமா வராதா என்று விசாரிக்கும் நெஞ்சுரத்தார் வாழிய! இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு காதையும் காயப்படுத்தாத செவிகாத்த செம்மல் வாழிய! (ஒரே ஒரு காது உண்டு. அந்த ஆள் போனை எடுக்கத் திரும்பினான். அது சேர்த்தி இல்லை.)

ஊருக்கு அவர் சலூன்காரர். நமக்கு அவர் முடிகொண்டார்.

அவருடைய தொழில் குறைப்பது. காலையில் கடை திறந்தது முதல் பொழுது சாயும்வரை அவர் கைபட்டதெல்லாம் குறையும். குறைந்தது தரையில் விழும். விழுந்ததைத் துடைப்பம் கொண்டுபோகும். அன்றைய உழைப்புக்கு அடையாளமாக ஒரு மூட்டை மயிர் மட்டும் மூலையில் மிஞ்சும். சரி, வேலையின் அழகு ஊருக்குள் தலைதலையாய் நடமாடுகிறதே என்று ஆறுதல் கொள்ளலாமென்றால், இருபதாம் நாள் அந்த அழகும் கலைந்து, "என்னண்ணே, போன தடவை ஒழுங்கா வெட்டலையா? அதுக்குள்ள வளந்துருச்சு" என்ற வசையோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும். வளர்வதையெல்லாம் பகையாகவே பார்த்துப் பார்த்துச் சலித்த அக்கண்களுக்கு, வளர்வதற்காகவே வளர்கிற ஏதேனும் ஒன்று இவ்வுலகில் வேண்டியிருந்தது. அந்த ஒன்று, வீட்டுக் கூடத்தில் ஜன்னலையொட்டி, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி உயரமுமாக, விளக்கொளி தவழ வீற்றிருந்தது.

கண்ணாடி மதில் நாற்புறமும் சூழ, மின்விளக்கு ஞாயிறாய் மேலே எரிய, நடுவே தெண்ணீர் நிறைந்த அந்நன்னாட்டின் குடிமக்கள் யாரெனில்: நெற்றி முதல் வால்வரை நீலக்கோடு இழுத்த சின்னஞ்சிறு மீன்கள் பன்னிரண்டு, கண்டதையெல்லாம் கொறித்துச் சுத்தம் செய்யும் செந்நிற இறால்கள் பத்து, எதற்கும் அவசரப்படாத நத்தைகள் மூன்று. இவர்கள் காலடியில், தரை தெரியாமல், மூலையிலிருந்து மூலைவரை, பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடந்தது அந்தப் புல். மீன் வளர்ப்பவர்கள் அதைக் கம்பளச் செடி என்பார்கள். சலூன்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். வேலை முடிந்து வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி நிம்மதியாக இருந்த நாட்டில் போர் எப்படி வந்தது? பொன்னாலும் மண்ணாலும் வந்த போர்கள் பல. இந்தப் போர் ஒரு சொல்லால் வந்தது. அச்சொல் 'ட்ரிம்'.

மீன்கடைக்காரர் அன்று கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போதே, "வாராவாரம் ட்ரிம் பண்ணிடுங்கண்ணே. விட்டீங்கன்னா அடியில வெளிச்சம் படாம அழுகிப்போயிரும்" என்று உபதேசம் செய்திருந்தார். இதே உபதேசம் ஒரு தச்சர் காதிலோ தபால்காரர் காதிலோ விழுந்திருந்தால் யாதொரு தீங்கும் நேர்ந்திராது. விழுந்தது சலூன்காரர் காதில். சலூன் சாம்ராச்சியத்தின் சட்டப்படி 'ட்ரிம்' என்றால் வெட்டுவது அல்ல, வெட்டாமல் விடுவது. வெட்டிக்கொள்ள விரும்புகிறவன் "ஷார்ட்டா எடுத்துருங்க" என்பான். "சும்மா ட்ரிம் பண்ணிவிடுங்க" என்பவனோ, முடியைப் பெற்ற பிள்ளைபோல் வளர்ப்பவன். வீட்டில் விரட்டியதால் வேறு வழியின்றி வந்தவன். அரிசி நீளத்துக்கு மேல் எடுத்தால் கண்ணாடியைப் பார்த்துக் கண்கலங்கிவிடுவான். அவனுக்குச் செய்யத்தக்கது, காதோரமாகக் காற்றில் ஒரு கால் மணி நேரம் கத்திரியை ஓட்டி 'கிச் கிச்' என்று நாதம் எழுப்பி, நுனியில் நாலு இழையை எடுத்து, பிடரிக்குப் பின்னால் கண்ணாடி காட்டி, "எப்படி?" என்று கேட்டு அனுப்பிவைப்பதே. அவன் கொடுக்கும் கூலி ஓசைக்கு.

ஆக, ஆறு மாதம், வாராவாரம், கடை விடுமுறை நாளில், சலூன்காரர் தம் புல்லுக்கு ட்ரிம் செய்துவந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கத்திரியை நீரில் இறக்கி, இல்லாத காதுகளை ஒதுக்கி, புல் நுனியில் அரிசி நீளம் எடுத்து, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து மகிழ்ந்தார். புல்லும் மகிழ்ந்தது. ஒரு விரற்கடை இருந்தது இரண்டாகி, இரண்டு நாலாகி, மேடு மேடாகப் புடைத்து, மேலே மரகத மண்டபமும் கீழே மஞ்சள் பாதாளமுமாக, வெளிச்சம் கண்டறியாத அடித்தண்டுகள் பிடிமானத்தை விட்டு இற்றுக்கொண்டிருந்ததை, மேலிருந்தே பார்த்துப் பழகிய தலைவிற்பன்னர் அறிந்தாரில்லை.

அறிந்தவர் ஒருவர் வந்தார். சலூன்காரர் மனைவியின் தம்பி. நம் காதையின் எதிர்நாயகர். மச்சான் தொழிலால் குழாய் ரிப்பேர்க்காரர். ஊர்த் தண்ணீரெல்லாம் தம்மைக் கேட்டே ஓடுகிறது என்ற எண்ணம் உடையவர். வீட்டில் மூன்று தொட்டி வைத்திருப்பவர். போன வாரம் வந்தவர், வந்த கால் மடங்குமுன் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, கசியும் குழாயைக் கண்டுபிடித்தவர்போல் நாக்கைச் சப்புக்கொட்டி, இவ்வாறு பிரகடனம் செய்தார்:

"மாமா, அடி போச்சு. இன்னும் ஒரே வாரம். மொத்தமா பாய் மாதிரி எந்திரிச்சு மிதக்கப்போகுது."

"கண்ணு வைக்காத மாப்ள."

"கண்ணு வைக்கல, கணக்கு சொல்றேன். பந்தயமா? அடுத்த வாரம் லீவு நாள், நாலு மணிக்கு வர்றேன். மிதந்தா தொட்டி எனக்கு. அப்படியே நின்னுச்சுன்னா, சத்தியமா, இனிமே மீனைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

அடுப்படியிலிருந்து, சலூன்காரரின் மனைவியான அக்காள் குரல் வந்தது: "ஒத்துக்கங்க. அவன் வாயை மூடுறான்னா நம்ம வீட்டையே பந்தயம் வைக்கலாம்."

ரோஷம் என்னும் தீ மூண்டவிடத்து அறிவு என்னும் நீர் ஆவியாகும். சலூன்காரர் கையடித்துக்கொடுத்தார்.

கையடித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் சொன்னது பொய் என்று நம்ப ஆசை. ஆனால் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள். நாள் ஆக ஆக மஞ்சள். குறித்த விடுமுறை நாளும் வந்து, பகல் பன்னிரண்டு அடித்தபோது, மானத்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீன்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ட்ரிம் பண்றீங்கல்லண்ணே?" என்றார் மீன்கடைக்காரர்.

"ஒரு வாரம் தவறினதில்ல."

"எவ்வளவு எடுக்குறீங்க?"

"ட்ரிம்முக்கு எவ்வளவு எடுப்பாங்க? ஒரு அரிசி."

எதிர்முனையில் மீன்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணே, பாதிக்குப் பாதி எடுக்கணும்ணே! ஒட்ட அடிச்சாலும் அது வளரும்."

"அப்ப ஷார்ட்டுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று கர்ஜித்து, முடிகொண்டார் போனை வைத்தார். கடிகாரம் நாலு மணி நேரம் மிச்சம் காட்டியது.

இனிப் போர்க்கோலம் கேளீர். பல்லாயிரம் தலை கண்டதும், சாணை பிடித்துச் சாணை பிடித்துப் பாதியாய் இளைத்ததும், இடக்கை பட்டால் சினப்பதும் வலக்கை பட்டால் சிலிர்ப்பதுமாகிய தம் எஃகுக் கத்திரியை வெந்நீரில் முக்கி எடுத்தார். பனியனோடு நின்றார். தோள்வரை கைகளைக் கழுவினார். பிறகு, இருபத்தெட்டாண்டுப் பழக்கம் உடலை முந்திக்கொள்ள, வெள்ளைத் துணியை உதறித் தொட்டியைச் சுற்றிப் போர்த்தி, பின்பக்கம் முடிச்சும் போட்டுவிட்டார். எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவ்வழியே போன மனைவி நின்றாள்.

"என்னங்க, மூஞ்சியை மூடிட்டா முடி வெட்டுவீங்க?"

துணி அவிழ்க்கப்பட்டது. வீரம் அவிழவில்லை.

கத்திரி நீரைப் பிளந்தது. இனி அரிசி இல்லை, அளவு இல்லை, ஓசை இல்லை. களத்தில் கதிர் அரிவோர் அரிவதுபோலவும், ஆடித் தள்ளுபடியில் புகுந்தோர் அள்ளுவதுபோலவும், வலமிருந்து இடமாக, நாலு விரற்கடை நின்றதை ஒரு விரற்கடையாக்கி, மரகத மண்டபத்தின் கூரையைப் பிரித்தெறிந்து அவர் முன்னேறினார். முதல் அரை நிமிடம் வெற்றி அவர் பக்கமே இருந்தது. அதன் பின் அவர் தலை நிமிர்ந்து பார்த்தபோது, தம் தொழில் வாழ்க்கையில் என்றுமே கண்டிராத ஓர் அதிசயத்தைக் கண்டார். வெட்டியது கீழே விழவில்லை. மேலே எழுந்தது.

எண்ணிப் பாருங்கள், இருபத்தெட்டு ஆண்டுகள்! கறுத்ததும் நரைத்ததும் சாயம் பூசியதுமாய் எத்தனை முடி வெட்டியிருப்பார். அவற்றுள் ஒன்றேனும் உத்தரத்தை நோக்கிப் பறந்ததுண்டா? வெட்டுண்டது விழும் என்பதை அவர் படித்து அறிந்ததில்லை, காலால் அறிந்திருந்தார். ஆகவே விழுவதை அள்ளத் துடைப்பமும் முறமும் தொட்டியருகே தயாராய் வைத்திருந்தாரேயன்றி, எழுவதை அள்ள வலை வைத்திருக்கவில்லை. தண்ணீரைச் சுழற்றும் ஃபில்டரை நிறுத்தவும் தோன்றவில்லை. ஓராயிரம் பச்சைத் துணுக்குகள் தெற்கும் வடக்கும் தெரியாமல் சுழன்று, சூறாவளியில் சிக்கிய கூரை ஓலைகள்போல் தொட்டியை வலம்வந்து, நீலக்கோட்டு மீன்களை மூலைக்கு விரட்டி, இறுதியில் ஃபில்டரின் வாய்க்குள் அணியணியாகப் புகுந்தன. ஃபில்டர் ஒருமுறை ஏப்பம் விட்டது. மறுமுறை விக்கியது. மூன்றாம் முறை, கடன் கேட்கப்பட்ட உறவினர்போல் 'ம்ம்ம்' என்று இழுத்து, மௌனமானது.

அவர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். மனைவி மாவு சலிக்கும் சல்லடையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது இனிமே உங்களுக்குத்தான், எனக்கு வேண்டாம்" என்ற தீர்ப்பும் உடன் வந்தது. சல்லடையால் அள்ள அள்ள வாளி நிறைந்தது. ஒரு வாளி. இன்னொரு முக்கால் வாளி.

புகை தெளிந்த போர்க்களம்போல் நீர் தெளிந்தது. சலூன்காரர் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடப்பக்கம் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தது. இடப்பக்கம் எடுத்தார். இப்போது வலம் தூக்கல். வலம் எடுத்தார். இடம்! கிருதாவைச் சமன்செய்யப் புகுந்து காதுக்கு மேலேவரை ஏறிவிட்ட கற்றுக்குட்டிகளைத் தம் வாழ்நாளில் எத்தனை முறை ஏசியிருப்பார். அப்பழி இன்று அவர் கையிலேயே வந்து விடிந்தது. கண்ணாடியும் நீரும் கூட்டுச் சதி செய்து, மேலிருந்து பார்த்தால் ஒரு கணக்கும் முன்னிருந்து பார்த்தால் ஒரு கணக்கும் காட்ட, அவர் இடவலம் மாறி மாறிக் கொய்ய, ஒரு விரற்கடை அரை விரற்கடையாகி, பல்லாண்டு தொப்பிக்குள் ஒளிந்திருந்த தலை ஒருநாள் வெயிலுக்கு வந்ததுபோல், வெளுத்த மஞ்சள் அடித்தண்டுகள் ஆங்காங்கே எட்டிப் பார்த்தன.

அப்போது மணி மூன்று ஐம்பது.

அப்போதுதான் இடப்பக்க மூலை, மெதுவாக, மிக மெதுவாக, யாரோ அடியிலிருந்து போர்வையை விலக்குவதுபோல், தலை தூக்கியது.

அந்தோ! அவர் இடக்கையால் அழுத்தினார். அடங்கியது. நடுவில் எழுந்தது. வலக்கையால் நடுவை அழுத்தினார். அடங்கியது. கையை எடுத்தார், எழுந்தது. வைத்தார், அடங்கியது. ஆறு மாதம் அன்போடு வளர்த்த பசும்பாய், இப்போது எழுந்து போகவே தீர்மானித்துவிட்ட விருந்தாளிபோல் அவர் உள்ளங்கைகளுக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் முழங்கைவரை நீருள். முகவாய் தொட்டியின் விளிம்பில். முதுகு கூனி நின்ற அந்நிலையில், அழைப்பு மணி அடித்தது.

சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் எந்தக் குழாயையும் சரிபார்க்க வந்திராத மச்சான், அன்று பத்து நிமிடம் முந்தி வந்தார். தோளில் ஒரு பை. கண்ணில் ஓர் ஒளி.

"என்ன மாமா, கை கழுவுறீங்களா?"

"தண்ணி சூடு எவ்வளவு இருக்குன்னு பாக்குறேன்."

"ரெண்டு கையாலயுமா?"

"ஒரு கை சொல்றதை மட்டும் நம்ப முடியாது மாப்ள."

மச்சான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரம் என்பதே அறியாதவர்போல் காலை ஆட்டினார். முற்றுகை என்பது இதுதான். கோட்டைக்குள் இருப்பவனைக் கொல்வது வெளியே இருப்பவனின் வாள் அன்று. வெளியே இருப்பவனின் ஓய்வு. அக்காள் டீ கொண்டுவந்தாள். மச்சான் ஊதி ஊதிக் குடித்தார். கணவருக்கு ஒரு கிளாஸை நீட்டியவள், அவர் நின்ற நிலையையும் நீருக்குள் விரிந்திருந்த பத்து விரல்களையும் ஒரு கணம் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளாஸை அவர் வாயருகே வைத்துச் சாய்த்தாள்.

"என்னக்கா, மாமாவுக்கு ஊட்டிவிடுற?"

"புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ உன் டீயைக் குடி."

ஐந்து நிமிடம் கடந்தது. பத்து கடந்தது. தோள் கழன்றது, இடுப்பு இற்றது, ஆயினும் செவிகாத்த செம்மலின் உள்ளங்கை ஓர் இம்மியும் அசையவில்லை. மலை அசையும், அவர் அசையார் என்று இவ்விடத்தில் எழுதலாம், எழுதவும் இருந்தோம். அதற்குள் இறால் ஒன்று வந்துவிட்டது.

நீள்மீசையும் கூர்ங்காலும் உடைய அச்செவ்விறால், தன் நாட்டில் திடீரென முளைத்த இவ்விரு மயிரடர் குன்றுகளை வியந்து நோக்கி, வலக்கையின் மேல் ஏறி, தன் குலத்தொழிலைத் தொடங்கியது. வாழ்நாளெல்லாம் பிறர் முடி கொய்தவரின் புறங்கை முடியை, ஒவ்வோர் இழையாகப் பற்றி, சீவி, கொறித்து, அடுத்ததற்குச் சென்றது. கூலி கேட்காத சேவை. ஆனால் என்ன கூச்சம்! சலூன்காரர் உதட்டைக் கடித்தார். கண்ணை இறுக மூடினார். நாற்காலியில் கூசி நெளிந்த வாடிக்கையாளர்களையெல்லாம் "ஆடாம இருங்கண்ணே" என்று அதட்டிய நாட்கள் வரிசையாய் வந்து அவர் முன் நின்றன. இறால் சுண்டுவிரல் இடுக்குக்குள் நுழைந்தது.

"ஹீஹீஹீ" என்று ஓர் ஓசை எழுந்தது. அது அவரிடமிருந்துதான் எழுந்தது. இரு கைகளும் நீரைவிட்டு வெளியே வந்தன.

பாய் எழுந்தது. சுழன்று, சிலிர்த்து, அடியில் ஒட்டியிருந்த மணலை உதிர்த்தபடி, முடிசூட்டு விழாவுக்குப் புறப்பட்ட பட்டத்து யானைபோல் ஆடியசைந்து மேலே வந்தது. ஆனால் முழுதும் வரவில்லை! நடுவில் 'பர்'ரென்று கிழிந்து, இடப்பாதி மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து மிதக்க, வலப்பாதி தரையைப் பற்றியபடி நின்றது. காரணம் வேறொன்றுமில்லை. வலக்கைக்காரர் கத்திரி வாராவாரம் வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே எட்டியிருந்தது. ஆகவே அங்கே அடிவரை வெளிச்சம் பட்டிருந்தது.

"மிதந்துருச்சு!" மச்சான் துள்ளி எழுந்தார். "மிதந்துருச்சு! மிதந்தா தொட்டி எனக்குன்னு சொன்னேன்ல? சொன்னேன்ல?"

சலூன்காரர் கையிலிருந்து நீர் சொட்ட, மிதக்கும் பாதியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளை வேலை முடிந்து வந்தால் இந்த ஜன்னலோரத்தில் என்ன இருக்கும்? ஒரு சதுர வெளிச்சமும், தொட்டியின் கால் பட்ட நாலு அடையாளமும். அவ்வளவுதான். பாடிவந்த நமக்கே இவ்விடத்தில் அடைமொழி ஒன்றும் அகப்படவில்லை.

மச்சானோ, வென்ற கோட்டையைக் கவனிக்காமல், பையைத் திறந்து ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். அதன் அடியில் ஈரக் காகிதம் பதமாக விரிக்கப்பட்டிருந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மிதக்கும் பாயை நோக்கி அவர் கை நீண்டபோது, குறுக்கே இன்னொரு கை வந்தது.

"தொட்டியை எடுத்துட்டுப் போக வந்தவனுக்கு டப்பா எதுக்குடா?" என்றாள் அக்காள்.

"அது... சும்மா..."

"வண்டி எங்க?"

"பஸ்லதான் வந்தேன்."

"மூணடித் தொட்டியை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல போகப்போறியா? டிக்கெட்டு அரையா, முழுசா?" அவள் டப்பாவை வாங்கி, விரித்திருந்த ஈரக் காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நேத்தே வெட்டி அளவு பாத்து வெச்சிருக்க. உண்மையைச் சொல்லு. உனக்கு வேண்டியது தொட்டியா, புல்லா?"

மச்சானின் வீரம் கசியத் தொடங்கியது. குழாய்க்காரராயினும் அதை அடைக்க அவரால் இயலவில்லை.

"புல்லுதான்க்கா. சும்மா கேட்டா மாமா குடுக்க மாட்டாரு, தொட்டியை விட்டுத்தர்றேன்னா குடுப்பாருன்னு... என்னோட மூணு தொட்டியிலயும் வெச்சுப் பாத்துட்டேன். வெச்ச பத்தாம் நாளு கரைஞ்சு போகுது. இவரு ஒண்ணுமே செய்யாம உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காரு, இங்க மட்டும் காடா வளருது. எப்படின்னே தெரியல."

நீர் சொட்டிக்கொண்டிருந்த முடிகொண்டார் நிமிர்ந்தார். எதிரியின் வாயால் எழுதப்பட்ட மெய்க்கீர்த்தி அது. கல்லில் பொறித்தாலும் அதற்கு ஈடாகாது. ஆனாலும் வாக்கு வாக்குதானே? அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்ள, நான் கையடிச்சுக் குடுத்தேன். மிதந்தா தொட்டி உனக்குத்தான்" என்றார். வியாபாரம் தெரியாத மனிதர்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மனைவி. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "'மிதந்தா தொட்டி எனக்கு.' அப்படித்தானே சொன்ன? எது மிதந்தான்னு சொன்னியா?"

"புல்லுதான்னு தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மிதந்தா, தொட்டி. தொட்டி மிதந்தாதான் உனக்கு. நல்லாப் பாத்துக்க, அது வெச்ச இடத்துலயே நிக்குது."

அவையோர் வாயடைத்தனர். அவையில் இருந்தது இருவர், இருவரும் அடைத்தனர். மொழி தோன்றிய நாள்முதல் எத்தனையோ புலவர் அதைக் கொண்டு எதையெதையோ காத்திருக்கலாம். எழுவாயை விழுங்கிய ஒரு வாக்கியத்தைக் கொண்டு மூன்றடித் தொட்டியைக் காத்தவள் இவள் ஒருத்தியே.

"சரி, பாதி மிதந்துச்சு, அதை நீ எடுத்துக்க," என்று அவளே உடன்படிக்கையையும் எழுதி முடித்தாள். "பாதி நின்னுச்சு, அதனால பாதி வாயை மூடிக்க. மஞ்சளை நறுக்கித் தள்ளிட்டுப் பச்சையை மட்டும் நட்டுப் பாரு. வளரலைன்னா வந்து இவர்கிட்டக் கேளு. மரியாதையாக் கேளு."

மச்சான் மிதந்த பாயை இரு கைகளாலும் பிள்ளைபோல் ஏந்தி டப்பாவில் கிடத்தினார். வாசல்வரை போய்த் திரும்பி, "மாமா, விளக்கு எத்தனை மணி நேரம் போடுறீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். முடிகொண்டார் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவரை உச்சி முதல் பிடரிவரை பார்த்து, "உக்காந்து பாக்குற அளவுக்கு" என்றார்.

அதன்பின் கணவனும் மனைவியும் வேலைக்கு இறங்கினார்கள். வாளியில் கிடந்த பச்சைத் துணுக்குகளிலிருந்து நல்லதாகப் பார்த்து அவள் பொறுக்கிக் கொடுக்க, அவர் புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிடித்து, மொட்டையாகிப்போன இடப்பக்க மணலில் வரிசை பிசகாமல் நட்டார். களம் ஆறியது. நீலக்கோட்டு மீன்கள் மூலையிலிருந்து வெளியே வந்தன. ஏழு மணிக்குப் போர்க்கணக்கு எடுக்கப்பட்டது.

வெட்டுண்ட புல், ஒன்றே முக்கால் வாளி. நின்ற புல், பாதி. டப்பாவில் போனது, பாதி. நட்ட நாற்று எழுபத்தொன்று. நட்ட கையோடு மிதந்து வந்து மறுபடி நடப்பட்டது இருபத்தாறு. பறிபோன சல்லடை ஒன்று. ஈரத் துண்டு நாலு. மீன் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நத்தை மூன்றுக்கு மூன்று. இறால் பத்துக்கு ஒன்பது.

மறுபடி எண்ணினார், ஒன்பது. வாளியைக் கவிழ்த்துத் தேடினார், ஃபில்டரைப் பிரித்துத் தேடினார், கையின் முடியைக்கூட விலக்கிப் பார்த்தார். மனைவி எண்ணினாள், ஒன்பதே. மதில் கடந்து மாற்றார் நாடு புகுந்த அம்மாவீரன், ஈரக் காகிதப் பஞ்சணையில், பசும்பாய்ப் போர்வைக்குள், அரசமுறைத் தூதனாய், பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் அந்நேரம் எவ்வூர் கடந்துகொண்டிருந்தானோ, யார் அறிவார்!

மச்சானுக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை.